அடுத்த வண்டியில் போகலாம்

அக்கா, உங்களைப் பார்த்தா விவரம் தெரிஞ்சவங்க மாதிரி இருக்கு, ஒண்ணு கேட்கட்டுமா? இந்த ரயில் கதவு சாத்தினதுக்கு அப்புறம் வெளியே நின்னு ஒருத்தி கத்தினா, உள்ளே இருக்கிறவங்களுக்குக் கேட்குமா?

கேட்காதுதானே? அத்தனை தடிமனான கண்ணாடி. நானும் அதைத்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன்.

சரி, அதை விடுங்க. நீங்க வழி கேட்டீங்க, நான் பாட்டுக்கு என் கதையை ஆரம்பிச்சுட்டேன். நகானோவுல மகன் வீட்டுக்குத்தானே போகணும் உங்களுக்கு? இதே பிளாட்பாரம்தான். நானும் அந்தப் பக்கம்தான் போறேன், ஈதபாஷியில ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு. நான் இறங்கினப்புறம் நீங்க பேசாம உட்கார்ந்தே இருங்க. நகானோவோட வண்டி நின்னுடும், தூங்கிப்போனாலும் எழுப்பி இறக்கி விட்டுடுவாங்க. புடவை கட்டின ஒரு அம்மா போர்டை அண்ணாந்து பார்த்துக்கிட்டே நின்னதும் நம்ம ஆளுன்னு தெரிஞ்சுபோச்சு. ஜப்பானா இருந்தாலும் இந்த நிஷி-கசாயில அது ஒண்ணும் அதிசயம் இல்லை. தடுக்கி விழுந்தா நம்ம ஆளுங்க மேலதான் விழணும்.

அதோ, அந்தத் தூண்கிட்ட மஞ்சள் கவுன் போட்டுக்கிட்டு நிக்கிறாளே, அதுதான் என் பொண்ணு. ஆதிரை. மூணு வயசு முடிஞ்சிடுச்சு. விழுந்துடுவாளோன்னு பார்க்காதீங்க, இடுப்பு உசரத்துக்குத் தடுப்பு போட்டிருக்காங்க, வண்டி வந்து நின்னாத்தான் அது திறக்கும். அவளுக்கு இந்தத் தூணுன்னா உசிரு. உள்ளங்கையை அதுமேல பதிச்சு வச்சுக்கிட்டே நிப்பா. பாருங்க, இப்போ திரும்பி நம்மளைப் பார்த்துச் சிரிப்பா... சிரிச்சாளா? வண்டி வருதுன்னு அர்த்தம். எனக்கு முன்னாடி அவளுக்குத் தெரிஞ்சிடும்க்கா. போர்டுல எழுத்து ஓடுறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிடும். இப்படிப்பட்ட பிள்ளையைப் போய் காது டெஸ்ட்டுக்குக் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்காங்க.

ஆமா, ஆஸ்பத்திரிக்கு அதுக்குத்தான் போறோம். சும்மா ஒரு கடமைக்கு. இந்த ஊர்ல எல்லாத்துக்கும் டெஸ்ட். பல்லுக்கு ஒண்ணு, உசரத்துக்கு ஒண்ணு. ஒண்ணுமில்லைன்னு டாக்டர் வாயால சொல்லிட்டா தீர்ந்தது. அவங்களுக்கும் திருப்தி, எங்க வீட்டுக்காரருக்கும் திருப்தி.

வந்துடுச்சு பாருங்க. ஐயையே, இது வேண்டாம்க்கா. கூட்டத்தைப் பாருங்க. பாப்பாவோட தள்ளுவண்டியையும் வச்சுக்கிட்டு இதுல எப்படி ஏறுறது? அடுத்த வண்டியில் போகலாம். இதைவிட்டா அதுன்னு வந்துக்கிட்டேதான் இருக்கும். நீங்க உட்காருங்க, கால் வலிக்கும்.

இந்த ஊர் ரயிலுக்குன்னு சில பழக்கம் இருக்கு, உங்க மகன் சொன்னாரோ என்னமோ. ஆம்பளைப் பிள்ளைங்களுக்கு இதெல்லாம் சொல்லணும்னு தோணாது. உள்ளே போன் பேசக்கூடாது. முதுகுல மாட்டின பையை முன்னாடி மாட்டிக்கணும். பிள்ளை சீட்டுல முட்டி போட்டுக்கிட்டு ஜன்னல் பார்க்கணும்னா செருப்பைக் கழட்டி நம்ம கையில வச்சுக்கணும், சீட்டுல மண் படக்கூடாது. அப்புறம், கதவுகிட்ட நிக்கிறவங்க இருக்காங்களே, அவங்க இறங்குற ஸ்டேஷன் இல்லைன்னாலும் கீழே இறங்கி ஓரமா நிப்பாங்க. இறங்குறவங்க எல்லாம் இறங்கி முடிச்சப்புறம் மறுபடி ஏறிக்குவாங்க. முதல்தடவை பார்த்தப்ப எனக்குச் சிரிப்பு தாங்கலை. எங்க முசிறி பஸ்ல படியில நிக்கிறவனை, கொஞ்சம் இறங்கி நில்லுப்பான்னு சொல்லிப் பாருங்க. 'நீ இறங்கி ஆட்டோவுல போ'ம்பான்.

ஆமா, முசிறிப் பக்கம்தான். பன்னெண்டாவது வரைக்கும் ஊர்ப் பள்ளிக்கூடம். கல்யாணம் ஆகிற வரைக்கும் ரயில்ல ஏறினதே இல்லைக்கா. எங்க பக்கம் ரயில் ஏது? முதல்ல ஏறின ரயிலே இந்த ஊர் ரயில்தான். முதல் மாசம் எங்க வீட்டுக்காரர் போகவும் வரவும் கையைப் பிடிச்சுக்கிட்டே கூட்டிட்டுப் போனார். இப்போ என்னைக் கண்ணைக் கட்டி விட்டாலும் மாறி மாறி ஏறி அசகுசா வரைக்கும் போயிட்டு, காய்கறி வாங்கிக்கிட்டு, சோறு வடிக்கிற நேரத்துக்கு வீடு வந்துடுவேன்.

பாப்பாவையும் அப்படியே பழக்கிட்டேன். மத்த பிள்ளைங்க ரயில்ல அலறும், ஓடும், அந்த அம்மாங்க முகமெல்லாம் வேர்த்துப்போய் எல்லாருக்கும் தலையைக் குனிஞ்சுக்கிட்டே வருவாங்க. எனக்கு அந்தக் கஷ்டமே இல்லை. இவ வாயைத் திறக்க மாட்டா. பக்கத்துல உட்கார்ற ஜப்பான் பாட்டிங்க எல்லாம் 'ஓரிகோ, ஓரிகோ'ன்னு சொல்லுவாங்க. சமர்த்துன்னு அர்த்தம். எதிர்வீட்டு ஹேமா பையன் இருக்கான், அவன் ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் கதவு சாத்துறப்ப ஒரு சின்ன இசை வரும் பாருங்க, அத்தனையும் பாடுவான், எந்த ஸ்டேஷனுக்கு எதுன்னு மாத்தாம பாடுவான். ஹேமாவுக்கு அதுல ஒரு பெருமை. நான் அவகிட்ட சொன்னேன், 'உம் பையன் ஸ்பீக்கர்டி, எம் பொண்ணு சாமி சிலை'ன்னு. அவ சிரிச்சா.

பேசுவாளாவா? பேசாம என்ன, பேசுவா. 'ம்மா'ன்னு கூப்பிடுவா. அப்பாவை 'பா'ம்பா. தண்ணின்னா ஒரு சத்தம், சோறுன்னா ஒரு சத்தம், எனக்கு எல்லாம் புரியும். வீட்டுல தமிழு, பால்வாடியில ஜப்பானிய பாஷை, அவங்க அப்பா போன்ல பேசுறது இங்கிலீஷு. மூணு பக்கமும் இழுத்தா பிள்ளை எதைப் பேசும்? எங்க மாமனாரே நாலு வயசுலதான் வாயைத் திறந்தாராம். அதுக்கப்புறம் அவரை நிறுத்த முடியலை, அது வேற கதை.

தைரியமான பிள்ளைக்கா. தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தோம். வாசல்ல சரவெடி வெடிக்குது, தெருப் பிள்ளைங்க எல்லாம் காதைப் பொத்திக்கிட்டு ஓடுதுங்க, இவ என் மடியில தூங்குறா. 'என்னடி இது, இடி விழுந்தாலும் அசையாத பிள்ளையைப் பெத்திருக்கே'ன்னு எங்க அம்மா சொல்லுச்சு. திருஷ்டி பட்டுடும்னு அன்னைக்கே மிளகாய் சுத்திப் போட்டுச்சு.

அடுத்த வண்டி. ம்ஹும். உட்கார இடம் இல்லையே. நின்னுக்கிட்டே எப்படி வருவீங்க நீங்க? இல்லைக்கா, எனக்கு நேரம் இருக்கு. இருக்கு இருக்கு. கொஞ்சம் முன்னே பின்னே ஆனா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.

நான் முதல்ல கேட்டேனே, கதவுன்னு. அதைச் சொல்லிடறேன்.

ஆனி மாசம். இங்கே அப்போ மழைக்காலம். இவளை ஒரு ஓர சீட்டுல முட்டி போட வச்சிருந்தேன். செருப்பைக் கழட்டி ஒரு கையில வச்சிருக்கேன், இன்னொரு கையில மடக்கின தள்ளுவண்டி. வண்டிக்கு இடம் வேணுமேன்னு நான் எதிர்ப்பக்கம் கதவுகிட்ட நிக்கிறேன். ஒரு பெரிய ஸ்டேஷன் வந்தது. திபுதிபுன்னு இறங்குறாங்க. நானும் பழக்கதோஷத்துல கீழே இறங்கி ஓரமா நின்னேன். ரெண்டு எட்டுதான்க்கா. எல்லாரும் செய்யறதுதான். என்கூட ஒரு காலேஜ் பொண்ணும் இறங்கி நின்னா, அவ ஏறிட்டா. என் தள்ளுவண்டிச் சக்கரம் ஒருத்தர் பை வார்ல மாட்டிக்கிச்சு. அவர் 'சுமிமாசேன்'ங்கிறார். நானும் 'சுமிமாசேன்'ங்கிறேன். அவர் குனியறார், நான் குனியறேன். மாத்தி மாத்தி மன்னிப்புக் கேட்டுக்கிட்டு இருக்கறப்பவே கதவு சாத்திடுச்சு.

இவ அந்தப் பக்கத்து ஜன்னலைப் பார்த்துக்கிட்டு முட்டி போட்டிருக்கா. எனக்கு அவ முதுகும், வெள்ளை சாக்ஸ் போட்ட ரெண்டு உள்ளங்காலும்தான் தெரியுது.

கத்தினேன். ஆதிரைன்னு கத்தினேன். எங்க வீட்டுல ஆடு இருந்துச்சுக்கா, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மேயற ஆட்டை இந்தக் கரையில நின்னு கூப்பிட்ட தொண்டை இது. கையில இருந்த செருப்பாலேயே கண்ணாடியை அடிச்சேன். சத்தமே போடக்கூடாதுன்னு அத்தனை நாள் பழகின பழக்கம் எல்லாம் எங்கே போச்சோ. வண்டிக்குள்ளே இருந்தவங்க எல்லாரும் திரும்பிட்டாங்க. போன் பார்த்துக்கிட்டு இருந்தவன் திரும்பினான். இவ பக்கத்துல ஒரு பெரியவர் தலை தொங்கிப்போய்த் தூங்கிக்கிட்டு வந்தார், அவர் திடுக்குன்னு முழிச்சுப் பார்த்தார்.

இவ ஜன்னலைப் பார்த்துக்கிட்டு இருந்தா. ஒத்தை விரலால கண்ணாடியில மழைத்தண்ணி வழியறதைக் கோடு போட்டுக்கிட்டு இருந்தா. அப்படியே வண்டி போயிடுச்சு.

கண்ணாடி தடிமன்தானே அக்கா, நீங்களே சொன்னீங்களே. அந்தப் பெரியவர் என்னைக் கண்ணால பார்த்திருப்பாரு. ஆமா, தூங்கிக்கிட்டுத்தான் இருந்தாரு. ஏதாவது குலுக்கல்ல முழிச்சிருப்பாரு.

ஸ்டேஷன்காரங்க ரொம்ப நல்லவங்க. ஓடி வந்தாங்க, அடுத்த ஸ்டேஷனுக்கு போன் போட்டாங்க, என்னை அடுத்த வண்டியில ஏத்தி விட்டாங்க. அங்கே போய் இறங்கினா, ரூம்ல நாற்காலி போட்டு உட்கார வச்சிருக்காங்க. ஸ்டேஷன்காரர் ஒருத்தர் தன்னோட வெள்ளைக் கையுறையைக் கழட்டி இவளுக்குப் போட்டு விட்டிருக்கார். இவ அஞ்சு விரலையும் ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கிட்டு இருக்கா. அழலை. நான் இறங்கினதையே அவ பார்க்கலை போல. நான் கதவுகிட்ட நின்னு, 'ஆதி! ஆதிம்மா!'ன்னேன். கையுறையையே பார்த்துக்கிட்டு இருந்தா. அப்போ மைக்ல வேற ஏதோ சொல்லிக்கிட்டு இருந்தாங்க. எப்பவும் ஏதாவது சொல்லிக்கிட்டேதானே இருக்காங்க இந்த ஊர் ஸ்டேஷன்ல. அந்த ஸ்டேஷன்காரர் இவ முகத்துக்கு முன்னாடி கையை ஆட்டி, என்னைக் காட்டினார். திரும்பினா பாருங்க. அந்த முகத்தைப் பார்க்கணுமே! அப்படியே பாய்ஞ்சு வந்து கழுத்தைக் கட்டிக்கிட்டா.

வீட்டுக்கு வந்ததும் எங்க வீட்டுக்காரர் பிடிச்சார் ஒரு பிடி. 'ரயில்ல பையை விடுவாங்க, குடையை விடுவாங்க. பெத்த பிள்ளையை விட்டுட்டு இறங்கினவளை எங்கேயாவது பார்த்திருக்கியா இளவரசி?' எங்க அத்தை, அவரோட அம்மா, வீடியோவுல வந்துச்சு. 'செருப்பைப் பத்திரமா வச்சிருந்தியே தாயீ, அது போதும். பிள்ளை வேற பெத்துக்கலாம், செருப்புக்கு எங்கே போறது?'ன்னுச்சு. எனக்குக் கோபம் வரலைக்கா, சிரிப்புதான் வந்துச்சு. எங்க அத்தைக்கு வாய் அப்படி. சொல்லிட்டுப் போகட்டும், விட்டது நான்தானே.

ஆனா நான் சொல்ல வந்தது அது இல்லை. அன்னைக்கே சொல்லிப் பார்த்தேன். 'ஏங்க, அவ திரும்பலைங்க'ன்னேன். 'யாரு?' 'ஆதிரை. நான் கத்தினேன், திரும்பவே இல்லை.' 'நீ இறங்கினதே அவளுக்குத் தெரியாதே, எப்படித் திரும்புவா?'ன்னார். நியாயமான கேள்விதானே? படிச்சவர். அதோட விட்டுட்டேன்.

அப்புறம் மழையெல்லாம் விட்டு வெயில் வந்தப்புறம், வார்டு ஆபீஸ்லேருந்து மூணு வயசுப் பரிசோதனைக்கு ஒரு கவர் வந்தது. உள்ளே படம் போட்ட அட்டை. நாய், குடை, பூ, கப்பல் இப்படி. வீட்டுலயே செய்யற டெஸ்ட். அம்மா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, வாயைக் கையால மறைச்சுக்கிட்டு, குசுகுசுன்னு ஒவ்வொரு படத்தோட பேரா சொல்லணும். பிள்ளை அந்தப் படத்தைக் கையால காட்டணும். ஹேமாதான் படிச்சுச் சொன்னா. 'வாயை மறைக்கணும்டி, அது முக்கியம்னு போட்டிருக்கு'ன்னா.

எனக்கு அதுதான் பிடிக்கலை. எங்க தாத்தா, பண்ணையார் வீட்டு வாசல்ல வாயைப் பொத்திக்கிட்டுத்தான் நிக்கணுமாம். எங்க அப்பா அதைச் சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்தார். 'எவன் முன்னாடியும் வாயைப் பொத்தாதே, நிமிர்ந்து பேசு'ம்பார். அப்படி வளர்ந்தவ, நான் பெத்த பிள்ளை முன்னாடி வாயைப் பொத்திக்கிட்டு உட்காருவேனா? இவங்களுக்கு நம்ம வழக்கம் என்ன தெரியும்? நேரா உட்கார்ந்தேன், அவ முகத்தைப் பார்த்தேன், மெல்லமாத்தான் சொன்னேன், சத்தமே வராம சொன்னேன். குடை. தொட்டுக் காட்டினா. பூ. காட்டினா. நாய், கப்பல் எல்லாம் காட்டினா. ஒண்ணு தப்பலை! கட்டிப் பிடிச்சு முத்தம் கொடுத்தேன். எல்லாம் சரின்னு வட்டம் போட்டு அனுப்பிட்டேன்.

பாருங்க, பேச்சுல ரெண்டு வண்டி போயிடுச்சு. பரவாயில்லை.

பரிசோதனை அன்னைக்கு ஒரு நர்ஸம்மா, நல்ல மாதிரி, மாஸ்க் போட்டிருந்தாங்க. பேர் சொல்லி இவளைக் கூப்பிட்டாங்க. இவ திரும்பலை. மாஸ்க் போட்டவங்கன்னா இவளுக்கு ஆகாது, எப்பவுமே அப்படித்தான், பால்வாடியிலயும் இதே புகார்தான். அந்த நர்ஸம்மா அதே அட்டையை எடுத்து வச்சு அவங்களே செஞ்சு பார்த்தாங்க. இவ அவங்க கண்ணையே பார்த்துக்கிட்டு இருந்தா. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தா, அப்புறம் எழுந்து போய், ரெண்டு கையாலயும் அவங்க மாஸ்க்கைப் பிடிச்சுக் கீழே இழுத்துட்டா! சுத்தி இருந்த அம்மாங்க எல்லாம் சிரிச்சுட்டாங்க. நானும் சிரிச்சேன், 'ரொம்பக் குறும்பு இவ'ன்னு சொல்லிக்கிட்டே. அந்த நர்ஸம்மா மட்டும் சிரிக்கலை. மாஸ்க்கை ஏத்திக்கவும் இல்லை. என் கையை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டாங்க. இந்த ஊர்ல யாரும் யாரையும் தொட மாட்டாங்கக்கா, காசு வாங்கினாக்கூடத் தட்டுலதான் வாங்குவாங்க. எதுக்கு என் கையைப் பிடிச்சாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியலை.

அவங்கதான் இந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாங்க.

எங்க வீட்டுக்காரர் லீவு போடறேன்னார். நான்தான் வேண்டாம்னுட்டேன். ஒண்ணுமில்லாததுக்கு எதுக்கு லீவை வீணாக்கணும்? பொங்கலுக்கு ஊருக்குப் போக வேணுமே. அவர் ஷூ மாட்டிக்கிட்டே வாசல்ல நின்னார், 'ஒருவேளை...'ன்னார். 'ஒருவேளையும் இல்லை, கிளம்புங்க, வண்டியை விட்டுடுவீங்க'ன்னேன்.

நேத்து பாருங்க, சமையல்கட்டுல தட்டு கை தவறி விழுந்துடுச்சு. எவர்சில்வர் தட்டு, அது எப்படிச் சத்தம் போடும்னு உங்களுக்குத் தெரியாததா? இவ உள்ரூம்ல எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு மெத்தைமேல உட்கார்ந்து விளையாடிக்கிட்டு இருந்தா. விளையாட்டுல அத்தனை கவனம். கொஞ்ச நேரத்துல மறுபடியும் விழுந்துடுச்சு. அப்புறம் இன்னொரு தடவை. கீழ்வீட்டுக்காரர் ஏறி வந்து, உடம்பு ஏதும் சரியில்லையான்னு கேட்டுட்டுப் போனார், பாவம். கை ஈரம், வழுக்குது, நான் என்ன பண்ணட்டும்?

நீங்க ஏன்க்கா அப்படிப் பார்க்கிறீங்க? அழாதீங்க. ஐயோ, நான் நல்லாத்தானே பேசிக்கிட்டு இருக்கேன். இந்தாங்க, இதுல துடைச்சுக்கோங்க. வழி கேட்ட பாவத்துக்கு உங்களைப் போய் அழ வச்சுட்டேனே.

வண்டி வருது. இதுல கூட்டம்... இல்லையே. ஆமா, காலியாத்தான் இருக்கு. உட்கார இடம்கூட இருக்கு.

சரி. ஏறிடுவோம். எழுந்திருங்க. நான் இந்தத் தள்ளுவண்டியை மடக்கிக்கிட்டு முன்னாடி போய்க் கதவுகிட்ட நிக்கிறேன், இந்தப் பையும் என்கிட்டயே இருக்கட்டும். எங்கே அவ? தூண்கிட்டத்தானே நின்னா? அதோ, ஜூஸ் மிஷின் முன்னாடி நிக்கிறா பாருங்க, விளக்கு எரியறதை வேடிக்கை பார்த்துக்கிட்டு. நீங்க கொஞ்சம் போய்...

கூப்பிடாதீங்க. வேண்டாம்க்கா, அங்கேயிருந்து கூப்பிடாதீங்க. பின்னாடியிருந்து தொட்டுடவும் தொட்டுடாதீங்க, பயந்துடுவா. சுத்திப் போய் அவ முகத்துக்கு நேரா நில்லுங்க. சிரிச்சுக்கிட்டே கையை நீட்டுங்க, பிடிச்சுக்குவா. அப்படியே கூட்டிட்டு வந்துடுங்க.